220 மைலுக்கு நாற்பதாண்டுப் பிரயாணம்

தேசப்படம் ஒன்றை எடுத்து மேசைமீது விரியுங்கள். அளவுகோலின் ஒரு நுனியைச் சென்னை மீனம்பாக்கத்திலும் மறுநுனியைக் கட்டுநாயக்காவிலும் பொருத்திப் பென்சிலால் ஒரு நேர்கோடு இழுங்கள். அக்கோடு வங்கக் கடலின்மேலேயே தெற்கு நோக்கி வந்து, எங்கே முதன் முதலாகக் கரையேறுகின்றது என்று உற்று நோக்குங்கள். கீரிமலை அயலிற் கரையேறும். பலாலி ஓடுபாதைக்கு நாலைந்து மைல் மேற்கே நின்று, யாழ் நகரின் மேலாகச் சென்று, கடனீரேரியைத் தாண்டித் தெற்கே போகும். சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான ஆகாயப் பாதையை எம் வீட்டுக் கூரைமேல் வரைந்து வைத்திருக்கின்றது இயற்கை. அவ்வழியிற் போகும் விமானத்தில் ஏறுவதற்கோ, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, யாழ்ப்பாணத்தான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது!

இதனைச் சிரிப்புக்கு எழுதினோமல்லோம். கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். எங்கள் தகப்பன்மாரின் கணக்கில் 220 மைல். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 645 கிலோமீற்றர், அதாவது 400 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தரைவழியே 350 கிலோமீற்றருக்கு மேல். எனவே சென்னைக்குப் புறப்பட்ட யாழ்ப்பாணத்தான், சென்னைக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தைச் சென்னைக்கு நேர் எதிர்த்திசையிற் சென்று முடித்த பின்னரே, சென்னை நோக்கித் திரும்ப முடிந்தது. 355 கிலோமீற்றர்ப் பிரயாணம் ஆயிரம் கிலோமீற்றராயிற்று. ஓர் இரவு முழுவதும் பேருந்திலோ புகையிரதத்திலோ உடல் நோகக் குந்தியிருந்து, விமான நிலைய வாசலில் மூன்று மணி நேரம் காத்துக் கிடந்து, பின் ஏறி அமர்ந்தால், அவ்விமானம் அரை மணிக்குச் சற்று அதிகமான நேரத்தில் அவன் புறப்பட்ட ஊரின் பக்கமாகவே மீண்டும் வந்து நிற்கும். சாளரத்தாற் கீழே பார்த்திருந்தால், முதல்நாள் மாலை பூட்டிவிட்டு வந்த தன் வீட்டுப் படலையையே தேடிப் பார்த்திருக்கலாம்.

மூக்கைச் சுற்றித் தொடுதல் என்று எம்மவர் சொல்வர். மூக்கைத் தொடுவதற்கு முதுகைச் சுற்றச் சொன்னார்கள் எம்மை. நாமும் சுற்றினோம்.

தூரம் என்பது மைற்கல்லில் வெட்டிவைத்த எண் மாத்திரமன்று. திருச்சிராப்பள்ளி பலாலியிலிருந்து ஏறத்தாழ 184 கிலோமீற்றர். குருநாகலோ 250 கிலோமீற்றருக்கு மேல். கண்டி அதனினும் தூரம். ஆனால் குருநாகல் அயலூர் போலவும், திருச்சிராப்பள்ளி சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள அந்நிய லோகம் போலவும் எங்கள் பிள்ளைகளின் மனத்திற் பதிந்து போயிற்றே, எதனால்? கடல் அகன்றதா? தரை நகர்ந்ததா? எதுவும் நகரவில்லை. வழியைத் திறப்பவர் கையும் அடைப்பவர் கையும் எங்கோ இருக்க, மைல் வெறும் எண்ணாகி, தூரம் அரசாங்கக் கட்டளையாயிற்று.

முன்னோர் அறிந்த வழி

இவ்வழி புதியதென்று எண்ணுவோர் நம்மிடையே இன்று பெருகிவிட்டனர். 2019 ஆம் ஆண்டில் யாரோ கருணை கூர்ந்து எமக்கு அளித்த வரம் என்று மேடைகளிற் பேசுவோரையும் கேட்டோம். அவர்களுக்குச் சில பழைய செய்திகளை நினைவூட்டுவது எம் கடன்.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக 1857 இல் வெளிவந்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் சென்னையில் அச்சுக்கூடமும் சிதம்பரத்தில் வித்தியாசாலையும் நடத்தினார். ஆகாய விமானம் கனவிலும் இல்லாத காலம் அது. பாய்க்கப்பலிற் போனார்கள், வந்தார்கள். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைவரை சென்று சேர்ந்தது. அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டிய எம்மவருக்குப் பாக்கு நீரிணை ஒரு வாய்க்கால்.

1914 முதல், சென்னை எழும்பூரிற் புகையிரதம் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் வந்து, மீண்டும் புகையிரதம் ஏறி இலங்கைக்குள் எங்கும் செல்லும் வழி இருந்தது. 1964 டிசெம்பர் 22 ஆம் நாள் இரவில் எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. புயலால் முற்றாக அறாத வழி, பின்னர் 1980 களில் யுத்தத்தினால் அறுந்தது.

ஆகாய வழியின் கதையும் இதுவே. 1935 நவம்பர் 27 இல் இரத்மலானையில் முதன் முதலாக வந்திறங்கிய விமானம் எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து வந்தது, அதனை ஓட்டி வந்தவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சி ஆசிரியர். 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை தொடங்கியபோது அதன் வழி என்ன? இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை! இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, இந்நாட்டின் தேசிய விமான சேவை தன் முதற் பறப்பிலேயே பலாலியில் இறங்கிச் சென்னைக்கு ஏறிற்று. டக்கோட்டா என்னும் சுழலி விமானம், மணிக்கு நூற்றைம்பது மைலுக்குச் சற்று மேலாகப் பறப்பது, 220 மைலை ஒன்றரை மணி நேரத்திற்குள் கடந்தது. வரம் எங்கே வந்தது? எம்மிடம் இருந்தது பறிபோயிற்று. அதிற் சிறு பங்கு திரும்பி வந்தது. அவ்வளவே.

1970 களின் இறுதியிற் சென்னைக்கான சேவை நின்றது. பின்னர் வந்தது யுத்தம். 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. 2014 ஒக்டோபர் 13 வரை யாழ்தேவியின் ஓசை யாழ்ப்பாணத்திற் கேட்கவில்லை. வீதி அடைக்கப்பட்டது, 2002 இல் திறக்கப்பட்டது, 2006 ஓகஸ்டில் மீண்டும் அடைக்கப்பட்டது. சென்னைத் தூரத்தை விடுங்கள். கொழும்பே எமக்கு எட்டாத தூரமான காலம் அது. பாதுகாப்பு அனுமதிக்காக நாட்கணக்காக வரிசையில் நின்று, கிடைத்த ஆசனத்தில் ஏறிப் போனவர்கள் நாம். 1998 செப்டெம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். ஒரு மணி நேரப் பிரயாணம் அது. அவர்களுட் பலர் வேறு வழி இருந்திருந்தால் அவ்விமானத்தில் ஏறியிரார். இலங்கையின் இரு நகரங்களுக்கிடையிலான ஆகாய தூரத்தைப் பேசும்போது அந்த 55 உயிர்களையும் கணக்கிற் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

இயந்திரம் வளர்ந்தது, நேரம் குறையவில்லை

2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 11 முதல் அலயன்ஸ் எயர் வாரத்துக்கு மூன்று சேவைகளைச் சென்னைக்கு நடத்திற்று. நான்கு மாதம். 2020 மார்ச்சில் கொள்ளை நோய் வந்தது. உலகத்து விமான நிலையங்கள் யாவும் மூடப்பட்டபோது இதுவும் மூடப்பட்டது. அதிற் குறை சொல்ல எமக்கு ஏதுமில்லை. ஆனால் கட்டுநாயக்கா 2021 ஜனவரி 21 இல் உல்லாசப் பயணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பலாலி திறந்தது 2022 டிசெம்பர் 12 இல்! இடையிற் கழிந்த இருபத்து மூன்று மாதங்களும் எந்த நோய்க்கு மருந்துண்டன? கட்டுநாயக்காவில் அடங்கிய கிருமி பலாலியில் மாத்திரம் அடங்க மறுத்ததோ? இந்திய அரசாங்கத்தின் கட்டுப்பாடுகளும் ஒரு காலம்வரை இருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. அவை தளர்ந்த பின்னரும் பலாலியின் கதவு மாதக்கணக்காகப் பூட்டியே கிடந்தது என்பதையே சொல்கின்றோம்.

2024 செப்டெம்பர் 1 முதல் இன்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே நாளாந்தச் சேவையைத் தொடங்கிற்று. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் தொடங்கிற்று. நல்லது. வரவேற்கின்றோம். ஆயினும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இச்சேவைகளுக்கு வருவன ஏ.டி.ஆர். 72 என்னும் சுழலி விமானங்கள். எழுபது, எழுபத்தெட்டுப் பேர் அமரலாம். உச்ச வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீற்றர் பறக்கும். அவ்வேகத்தில் 355 கிலோமீற்றரை நாற்பத்திரண்டு நிமிடத்திற் கடந்துவிடலாமே என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அப்படியன்று. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், உயரம் ஏறவும், இறங்கும் வரிசைக்குச் சுற்றிவரவும் நேரம் வேண்டும். ஆகவே நேர அட்டவணையிற் போடப்படுவது ஒன்றேகால் மணி, அல்லது அதற்குச் சற்று மேல். சரி, அக்கணக்கை ஏற்கின்றோம். ஆனால் 1947 இற் டக்கோட்டா எடுத்த நேரமும், 2024 இல் வந்த விமானம் எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றே. எழுபத்தேழு ஆண்டுகளில் மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பினான். யாழ்ப்பாணத்தான் தன் பாட்டன் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தான். அதற்கே நாடாவை வெட்டிக் கைதட்டச் சொல்கின்றார்கள்!

ஜெற் விமானம் ஏன் வரவில்லை? ஓடுபாதை போதாது. திறப்பு விழாக் காலத்திலே, முதற் கட்டமாகச் சிறிய விமானங்களும் இரண்டாம் கட்டமாகப் பெரியனவும் இறங்கும் என்று சொன்னார்கள். பலாலியில் ஏற்கெனவே கிடக்கும் பழைய ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,300 மீற்றர். அதில் ஒரு பகுதியையே செப்பனிட்டுப் பயன்படுத்தினர். நூற்றைம்பது, நூற்றெண்பது பேர் ஏறும் நடுத்தர ஜெற் விமானத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் மீற்றர் நல்ல தளமாக இருந்தாற் போதும். முதற் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டம் மந்திரிமாரின் பேச்சுக்களில் மாத்திரம் ஓடிக்கொண்டிருக்கின்றது.

“பிரயாணிகள் போதாது” என்னும் வாதம்

கொழும்பிலுள்ள கணக்கப்பிள்ளைமார் உடனே ஒரு மறுமொழி வைத்திருப்பர். “வடக்கிலிருந்து போதிய பிரயாணிகள் இல்லை, இலாபம் இல்லை, எப்படிச் செலவழிப்பது?” என்பர். எவ்வளவு நேர்த்தியான வாதம்! வடமராட்சித் தாய் ஒருத்தி ரொறன்ரோவிலுள்ள மகனைக் காணப் போகின்றாள். எங்கே ஏறுகின்றாள்? கட்டுநாயக்காவில். அவள் எந்த விமான நிலையத்துப் பிரயாணி என்று எழுதப்படுகின்றாள்? கட்டுநாயக்காப் பிரயாணி. இலண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவோர் எங்கே இறங்குகின்றனர்? அங்கேயே. சென்னை வைத்தியசாலைக்குப் போகும் நோயாளர், கலியாணக் கூறை எடுக்கப் போவோர், சிதம்பரத்துக்கும் மதுரைக்கும் யாத்திரை போவோர் என நாற்பதாண்டாக எம்மவர் ஒவ்வொருவரையும் அவ்வாசலால் ஏற்றி, அவ்வாசலின் கணக்கில் எழுதிவிட்டு, பலாலியின் ஏட்டைத் திறந்து காட்டி, “பாருங்கள், வெறுமை!” என்கின்றார்கள். கிணற்றைப் பலகையிட்டு மூடிவிட்டு, ஊரிலே தாகமுடையோர் இல்லை என்று தீர்ப்பெழுதுவதற்கு இது ஒப்பாகும்.

இலாபம் என்னும் சொல்லை எடுத்தவர்கள் தாங்களாகவே எம்மை மத்தளைக்கு அழைத்துச் செல்கின்றனர். அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தளையில் 2013 மார்ச் 18 இல் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 209 மில்லியன் அமெரிக்க டொலர். அதிற் பெரும்பகுதி சீனக் கடன். ஓடுபாதை 3,500 மீற்றர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பிரயாணிகள் வந்து போகத்தக்க கட்டடம். வந்தவர் யார்? மானும் எருமையும் வந்தன. 2016 இல் ஓடுபாதையிலும் அயலிலும் புகுந்த வனவிலங்குகளைத் துரத்துவதற்கு முந்நூறுக்கும் மேற்பட்ட படையினரையும் பொலிசாரையும் அனுப்பினார்கள். அதன் சரக்குக் கட்டடம் ஒரு காலத்தில் நெல்மூடை அடுக்கும் களஞ்சியமாயிற்று. கமக்கார அன்பர்களே, 209 மில்லியன் டொலரில் நெற்களஞ்சியம் கட்டிய வேறு நாடு இவ்வுலகில் உண்டோ? அங்கே பிரயாணி வருவானா என்று கேட்டுவிட்டா ஓடுபாதை போட்டார்கள்? போட்டுவிட்டுப் பிரயாணியைத் தேடினார்கள். இங்கே பிரயாணி நின்றுகொண்டிருக்கின்றான்; ஓடுபாதையைத் தேடுகின்றான்.

ஆகவே காசு அன்று காரணம். பின் எது? 2019 இல் திறப்பு விழாவின்போது விமான நிலையப் பெயர்ப்பலகையிலே தமிழ் முதலிடத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழ்மொழி வழங்கும் மண்ணில், தமிழர் ஏறி இறங்கும் இடத்தில், தமிழ் மேலே இருந்தது. அதற்கே தெற்கிற் சிலர் நாடு பிளந்துவிட்டதென்று கூக்குரலிட்டனர். பலகையிலுள்ள வரி ஒன்றின் ஒழுங்கைப் பொறுக்கமாட்டாதவர்கள், பலாலியிலிருந்து நேரே உலகத்துக்குப் பறக்கும் வழியை மனமுவந்து பொறுப்பர் என்று நாம் எதிர்பார்ப்பது பேதைமையன்றோ? சென்னை அருகில் இருப்பது அவர்களுக்கு அச்சம் தருகின்றது. ஆனால் அருகில் இருக்கும்படி செய்தவர்கள் நாமல்லோம். புவியியலோடு வழக்காடுவதாயின் வேறு மன்றம் தேடட்டும்.

இனி எம்மவரிடமும் சில வார்த்தை பேச வேண்டியிருக்கின்றது. இப்பத்திரிகையை வாசிக்கும் வைத்தியர்கள், எந்திரவியலாளர்கள், சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள் ஆகியோரிற் பலர், இன்றும் சென்னைக்குப் போவதாயின் பழக்கத்தின் காரணமாகக் கொழும்புக்கே பேருந்து ஏறுகின்றனர். கட்டணம் சில வேளை அங்கே குறைவு, சுமைப் பொதி கூடக் கொண்டுபோகலாம், நேரங்கள் பலவுண்டு. இவை மெய். சிறிய விமானத்திற் பாரம் மட்டுப்படும் என்பதும் மெய். ஆயினும் ஓரிரவுத் தூக்கத்துக்கும், தங்குமிடச் செலவுக்கும், இரு நாள் விடுமுறைக்கும் விலை போட்டுக் கூட்டிப் பார்த்தால், மலிவென்று எண்ணியது மலிவாக இராது. கணக்கறிந்தவர்கள் இக்கணக்கை மாத்திரம் ஏன் போடுகின்றார்களில்லை? பலாலியிற் காலியாகப் போகும் ஒவ்வோர் ஆசனமும் கணக்கப்பிள்ளைமாரின் கையிற் கொடுக்கும் சாட்சிப் பத்திரம்.

செம்மண்ணின் கேள்வி

இதுவரை எழுதியதை வாசித்துப் படித்த பெருமக்கள் தலையசைத்திருப்பர். வலிகாமம் வடக்கிலுள்ள கமக்காரனோ வாய் திறவாது இருந்திருப்பான். “ஓடுபாதை வேண்டும் என்கின்றீர்கள், யாருடைய காணியில்?” என்பதே அவன் கேள்வி. அக்கேள்வியைக் கேளாமல் இவ்விடயத்தைப் பேசி முடிப்பவர் பாதி நியாயத்தையே பேசுகின்றார்.

பலாலி, வசாவிளான், கட்டுவன், மயிலிட்டி ஆகிய ஊர்களின் செம்மண்ணைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நதியில்லாத நாட்டிலே, கிணறு வெட்டித் துலா மிதித்து, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிழங்கும் விளைவித்த மண். இரண்டாம் உலக மகா யுத்த காலத்திலே பிரித்தானிய வான்படையின் தளத்துக்காக அதில் ஒரு பகுதி போயிற்று. அதுவே பலாலி விமான நிலையத்தின் பிறப்பு. 1990 இல் அவ்வூர்கள் முழுமையாகவே வெறுமையாயின. மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயம் என்னும் பெயரில் வேலி வந்தது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது; வேலி முடியவில்லை. 2013 ஏப்ரிலில் 6,381 ஏக்கர் காணியைப் படைத் தேவைக்குச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் சென்றனர். 2015 முதற் பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடப்பட்டது. எஞ்சிய ஏக்கர்கள் இன்னும் விடப்படவில்லை. இருபது வயதில் ஓடிய வாலிபன் ஐம்பத்தைந்து வயதில், முகாமிலோ வாடகை வீட்டிலோ இருந்துகொண்டு, தன் கிணறு வேலிக்குள் தூர்ந்து போவதை நினைத்துக்கொண்டிருக்கின்றான்.

அவனுடைய தலைக்குமேல் நாள்தோறும் சென்னை விமானம் பறக்கின்றது. அவன் அதனை எப்படி நோக்குவான்?

சிலர் அவனுக்கு ஆசை காட்டுகின்றனர்: விமான நிலையம் பெருத்தால் உன் வெங்காயம் உலகச் சந்தைக்குப் போகும் என்கின்றனர். இது வெறும் வார்த்தை. எழுபது பேரை ஏற்றும் சுழலி விமானம் வெங்காய மூடை ஏற்றுவதற்கன்று. வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஆகாயவழிக் கூலி தாங்கும் பண்டங்களுமல்ல. உள்ளபடி சொன்னால், எம் கமக்காரனுக்கு இந்திய வெங்காயம் வாடிக்கைக்காரனன்று, போட்டிக்காரன். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் எவ்வளவு பணம் கண்டன என்பதும், 1977 இன் பின் கதவு திறந்தபோது எவ்வாறு விழுந்தன என்பதும் அவனுக்குப் பாடமில்லாமலே தெரியும். இலேசான பாரமும் ஏறிய விலையுமுள்ள வெற்றிலை, முருங்கைக்காய், நண்டு, இறால், பருவத்திற் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆகியவை குளிரறையும் பரிசோதனைச் சாலையும் பலாலியிலேயே அமைந்தால் ஒரு நாள் போகலாம். (எம் மாம்பழத்திற்கும் கொழும்பின் பெயரே வாய்த்தது, அதுவும் கட்டுநாயக்காவால்தான் போக வேண்டும் என்பார்களோ, அறியோம்.) ஆனால் அவை அமையும்வரை, ஏற்றுமதி என்னும் சொல்லைக் காட்டிக் காணி கேட்பது மோசடி.

எனவே எம் நிலை இதுவென்று ஐயத்திற்கிடமின்றிச் சொல்லுகின்றோம். ஓடுபாதை வேண்டும், கமக்காரனின் செம்மண்ணும் அவனுக்கு வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கும் என்பது படைத்தரப்பின் கணக்கே ஒழிய எந்திரவியலாளரின் கணக்கன்று. 2,300 மீற்றர்ப் பழைய ஓடுபாதை அரசாங்கத்தின் கையில் ஏற்கெனவே இருக்கின்றது. அதனைச் சூழ ஆயிரக்கணக்கான ஏக்கர் பல ஆண்டுகளாக அவர்கள் கையிலேயே இருந்திருக்கின்றது. விமானம் ஏறி இறங்க எவ்வளவு நிலம் வேண்டும், அதன் இருமருங்கும் பாதுகாப்புக்காக எத்தனை மீற்றர் விட வேண்டும் என்பதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகள் உண்டு, அளக்கத்தக்க விதிகள். படைவீரர் பயிரிடும் தோட்டத்துக்கும், அவர்கள் நடத்தும் விடுதிக்கும் அவ்விதிகளில் இடமில்லை. விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி முகாமுக்குக் காணி பிடிப்பதை எந்தத் தமிழ் எந்திரவியலாளரும் வாய்மூடிப் பார்த்திருத்தல் ஆகாது.

மருத்துவரும் ஆசிரியரும் சென்னைக்கு விரைவாகப் போக விரும்புவது நியாயம். ஆனால் அவர்கள் சங்கங்கள் கூடி நிறைவேற்றும் தீர்மானங்களை வாசித்தோம். “ஓடுபாதையை உடனே விஸ்தரிக்குக” என்றிருந்தது. “காணிக்காரரின் சம்மதத்தோடு” என்னும் இரு சொற்களை எங்கும் கண்டிலோம். காகிதம் பஞ்சமா? கமக்காரன் இழந்த காணியின்மேல் ஏறி நாம் ஒன்றேகால் மணியிற் சென்னை போய்ச் சேர்ந்தால், கொழும்பு எம்மைச் சுற்ற வைத்த நாற்பதாண்டு நியாயத்தையே நாம் எம்மவனுக்குச் செய்தவராவோம்.

கப்பல் வழியையும் இதனோடு சேர்த்தே பேச வேண்டும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கிய பிரயாணிகள் கப்பல் சில நாட்களில் நின்றது; 2024 ஓகஸ்ட் 16 இல் மீண்டும் ஓடிற்று. விமானக் கட்டணம் கொடுக்க மாட்டாத ஏழைக்கு அதுவே வழி. மழைக்காலத்துக் கடலிலும் ஓடத்தக்க கப்பல் ஒன்றும், சுங்கத்தில் மனிதரை மனிதராக நடத்தும் உத்தியோகத்தரும் அதற்கு வேண்டும். இதைப் பற்றி வேறொரு முறை விரிவாக எழுதுவோம்.

இப்பொழுது கேட்பது அதிகமன்று. இரண்டாம் கட்ட விஸ்தரிப்பின் வரைபடம் ஒன்று எங்கோ ஒரு காரியாலயத்தில் உறங்குகின்றது. அதனை வெளியே எடுக்கட்டும். ஓடுபாதை எந்தக் காணியில் தொடங்கி எந்தக் காணியில் முடிகின்றது, எத்தனை ஏக்கர் அதற்கு வேண்டும், எத்தனை ஏக்கர் வேண்டாம், வேண்டாதது எந்தத் திகதியில் எவரிடம் ஒப்படைக்கப்படும், வேண்டியதற்கு என்ன விலை அல்லது என்ன மாற்றுக் காணி என்பவற்றை உறுதி இலக்கத்தோடும் உரித்தாளர் பெயரோடும் தமிழில் எழுதி, தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தின் சுவரில், ஏணி வையாமல் வாசிக்கத்தக்க உயரத்தில், ஒட்டட்டும். காணிக்காரர் ஒவ்வொருவரும் வந்து தம் பெயரைத் தேடி வாசித்து, சம்மதமோ மறுப்போ எழுத்திற் கொடுக்க மூன்று மாதம் தவணை விடட்டும். எம் சட்டத்தரணிகள் அம்மூன்று மாதமும் அச்சுவரருகில் ஒரு மேசை போட்டு, கூலி வாங்காது, அவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும்.